ஆமைக்குஞ்சு, குழந்தைகள் இல்லம்: இலங்கைக்குத் தொண்டு செய்யப் போகலாமா? பணம் கட்டுமுன் என்ன பார்க்க வேண்டும்?

பாம்பன்அலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். விலங்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், ஊர் பாம்பன். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறார், அம்மா கருவாடு போடுகிறார்.

தேர்வு முடிந்ததும் ஒரு மாதம் இலங்கையின் தென்மேற்குக் கரையில் தொண்டு செய்ய வரச்சொல்லி ஒரு நிறுவனம் கூப்பிடுகிறது. காலையில் ஆமை முட்டைப் பொரிப்பகத்தில் வேலை, மதியத்துக்கு மேல் குழந்தைகள் இல்லத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வேண்டும். கட்டணம் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது, டிக்கெட் செலவு தனி. இந்த வாரமே முன்பணம் கட்டு, இல்லையென்றால் இடம் போய்விடும் என்று தினமும் வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. முடிவில் சான்றிதழ் உண்டு, மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது கைகொடுக்கும் என்கிறார்கள்.

அம்மா நகையை அடகு வைத்துத் தருகிறேன் என்கிறார். ஆமைகள் மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. வீட்டில் இதுவரை யாரும் பாஸ்போர்ட் எடுத்ததில்லை, கேட்க ஆள் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரை காக்கா எழுதியது:

தங்கச்சி, நகை பீரோவை விட்டு வெளியே வர வேண்டாம். முதலில் அதை அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். தொண்டு செய்ய ஆள் தேடுகிறவர் உங்கள் படிப்பைக் கேட்பார், பழக்கவழக்கத்தை விசாரிப்பார், உங்கள் பேராசிரியரிடம் ஒரு வார்த்தை பேசுவார். இவர் முன்பணத்தை மட்டும் கேட்கிறார் என்றால் எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் வளைகுடாவில் பல வருடம் இருந்தவன். எங்கள் ஊரில் கடல் தாண்டாத வீடு குறைவு, விசா விஷயம் வீட்டுப் பேச்சாகவே ஓடும். அதனால் விசாவில் இருந்து தொடங்குகிறேன்.

எந்த விசாவில் கூட்டிப்போகிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சுற்றுலா இ.டி.ஏ. (இணையத்தில் எடுக்கும் பயண அனுமதி) எடுத்தால் போதும் என்று பதில் வந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். சுற்றுலா அனுமதி ஊர் சுற்றிப் பார்க்கத்தான். சம்பளம் வாங்காவிட்டால் அது வேலையே இல்லை என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள், பல நாட்டுச் சட்டம் அப்படி நினைப்பதில்லை. தாய்லாந்தில் சம்பளமில்லாத வேலைக்கும் ஒர்க் பெர்மிட் கேட்பார்கள். இங்கிலாந்துக்கு விசிட்டராகப் போகிறவர் பதிவு பெற்ற அறக்கட்டளையில் 30 நாள் வரை தொண்டு செய்யலாம், ஆனால் போவதே அதற்காக என்று இருக்கக் கூடாது. அமீரகத்தில் அனுமதி இல்லாமல் நன்கொடை திரட்டுவதே குற்றம். நல்ல மனதோடு ஒரு நோயாளிக்காக வாட்ஸ்அப் குழுவில் பணம் கேட்டாலும் சிக்கல்தான். பிடிபட்டால் திருப்பி அனுப்பப்படுவது நீங்கள், அந்த நிறுவனம் இல்லை. ஒரு நாட்டிலிருந்து அப்படித் திருப்பி அனுப்பப்பட்டால், அடுத்த நாட்டு விசாப் படிவத்தில் அதையும் எழுத வேண்டி வரும்.

இன்னொன்று. பத்தாவது தேறியவர்களின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர்., அதாவது வேலைக்கு வெளிநாடு போகுமுன் அரசு சரிபார்க்க வேண்டும் என்கிற முத்திரை, விழாது. வசதிதான். ஆனால் கூலி வேலைக்கு வெளிநாடு போகிறவருக்குக் குடிபெயர்வோர் காப்பாளர் அலுவலகம் பார்க்கிற ஒப்பந்தச் சரிபார்ப்பு உங்களுக்கு இருக்காது. சரிபார்க்க வேண்டியது நீங்களும் வீட்டாரும்தான்.

2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்ப் பிள்ளைகள் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பலிடம் மாட்டிக்கொண்டதும், அரசாங்கம் தலையிட்டு மீட்டதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். உங்களைக் கூப்பிடுகிறவர்கள் அப்படிப்பட்டவர்கள் என்று சொல்லவில்லை. பாஸ்போர்ட்டை யார் வாங்கி வைத்துக்கொண்டாலும், ஒரு மணி நேரத்துக்குக்கூட, கொடுக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

முந்தல்முனை எழுதியது:

ஆமை என்று பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. சில வருடங்களாக வனத்துறை ஆட்களோடு விடியற்காலையில் கரை நடந்து முட்டை தேடுகிறவன் நான்.

நம் கரையில் பெரும்பாலும் வருவது பங்குனி ஆமை. நாய், நரி, மனிதன், ஏறிவரும் அலை, இவற்றுக்குப் பயந்து முட்டைகளை எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்குக் குழி தோண்டி வைக்கிறோம். 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளியே வரும். மணல் சூடு கூடினால் பெண் குஞ்சு அதிகம், குறைந்தால் ஆண் குஞ்சு அதிகம் என்பதால் நிழல் போடுவதில்கூட யோசனை வேண்டும். அப்புறம் முக்கியமான விஷயம்: குஞ்சு மேலே வந்ததும் தாமதிக்காமல், இருட்டு விலகுமுன் விட்டுவிட வேண்டும். வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு கொடுக்கும் தெம்பில்தான் அது முதல் நாள் முழுக்க நிற்காமல் நீந்தி ஆழக் கடலைச் சேருகிறது. அந்தத் தெம்பைத் தொட்டியில் வைத்து வீணாக்கினால், பிறகு கடலில் விடும்போது அது கரைப்பக்கமே தத்தளிக்கும். பருந்தும் மீனும் பார்த்துக்கொண்டிருக்கும்.

இலங்கையின் தென்மேற்குக் கரையில், கொஸ்கொட பக்கம், சுற்றுலாவை நம்பி நடக்கும் பொரிப்பகங்கள் நிறைய இருக்கின்றன. குஞ்சுகளை நாள் கணக்கில் தொட்டியில் வைத்து, வருகிறவர் கையில் கொடுத்துப் படம் எடுக்க விடுவதைப் பற்றி ஆமை ஆய்வாளர்கள் நெடுநாளாகக் குறை சொல்லிவருகிறார்கள். எல்லாமே மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் டிக்கெட் காசில் ஓடும் இடத்தில் தினமும் காட்டக் குஞ்சு வேண்டும். குஞ்சு வேண்டுமென்றால் முட்டைக்கு விலை கொடுக்க ஆள் இருப்பார், முட்டைக்கு விலை இருந்தால் கரையில் தோண்ட ஆள் இருப்பார்.

ஆகவே தங்கச்சி, இவற்றைக் கேளுங்கள். குஞ்சு வெளிவந்து எவ்வளவு நேரத்தில் விடுகிறீர்கள்? எந்த நேரத்தில்? முட்டை எங்கிருந்து வருகிறது, காசு கொடுத்து வாங்குவதா? அனுமதி யாருடையது? எத்தனை முட்டை வைத்தோம், எத்தனை பொரிந்தது என்ற கணக்கு எந்தப் பல்கலைக்கழகத்துக்கு அல்லது எந்தத் துறைக்குப் போகிறது? உண்மையாக வேலை செய்கிறவர் இவற்றுக்கு அரை மணி நேரம் பதில் சொல்வார், நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டார்.

சென்னையில் 1988-லிருந்து மாணவர்கள் கடலாமைப் பாதுகாப்புக் குழு ஒன்று நடத்துகிறார்கள். முட்டையிடும் காலத்தில் இரவெல்லாம் கரை நடப்பார்கள். பொதுமக்களும் சேர்ந்து நடக்கலாம். நகை அடகு வைத்துப் போக வேண்டிய வேலை அல்ல இது. நம் நாட்டில் கடலாமைகள் 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, வனத்துறையைச் சேர்த்துக்கொள்ளாமல் தொடக்கூட முடியாது. அந்தக் கட்டுப்பாடு எனக்கு ஆறுதலாகவே இருக்கிறது.

தேவிபட்டினம் டீச்சர் எழுதியது:

ஆமையைவிட எனக்கு அந்தக் குழந்தைகள் இல்லம்தான் உறுத்துகிறது.

பாம்பன்அலை, உங்களிடம் போலீஸ் நன்னடத்தைச் சான்று கேட்டார்களா? கேட்கவில்லை என்றால் உங்களிடம் மட்டும் கேட்காமல் விடவில்லை, வருகிற யாரிடமும் கேட்பதில்லை என்று பொருள். உங்களுக்கு முந்தைய மாதம் வந்தவர் யார், அடுத்த மாதம் வரப்போகிறவர் யார் என்று அந்தப் பிள்ளைகளுக்கும் தெரியாது, நடத்துகிறவருக்கும் தெரியாது.

கம்போடியாவில் என்ன நடந்தது என்று படித்துப் பாருங்கள். 2005-க்கும் 2010-க்கும் நடுவில் அங்கே அனாதை இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு கூடியது. போரும் இல்லை, கொள்ளைநோயும் இல்லை. யுனிசெஃப் பார்த்தபோது அங்கிருந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது உயிரோடு இருந்தார்கள். அதே காலத்தில் கூடிக்கொண்டு வந்தது வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளும் தன்னார்வலர்களும். படிக்க வைக்கிறோம் என்று சொல்லி ஏழை வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவந்து, அவர்களைக் காட்டி நன்கொடை வாங்கினார்கள். ஆஸ்திரேலியா 2018-ல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது, பிள்ளைகளை இப்படி இல்லங்களுக்குக் கடத்துவதையும் அடிமைமுறையில் ஒன்றாகவே எடுத்துக்கொண்டது. அங்கிருந்துதான் நிறைய மாணவர்கள் தொண்டு செய்யப் போய்க்கொண்டிருந்தார்கள்.

நம் நாட்டில் 2015 சிறார் நீதிச் சட்டப்படி இப்படிப்பட்ட இல்லம் பதிவு செய்தே ஆக வேண்டும். அங்கிருக்கும் பிள்ளையின் அடையாளம் தெரியும்படி படம் வெளியிடுவது குற்றம். பாம்பனில் ஒரு பிள்ளையோடு செய்யக்கூடாத ஒன்றைக் கடல் தாண்டியும் செய்யக் கூடாது. அங்கே போய் எடுத்துப் போடுகிற செல்ஃபிக்கும் இதே கணக்குதான்.

பாடம் நடத்துவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு வகுப்பைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு பருவம் பிடிக்கிறது. மாதம் ஒருவர் வந்து ஏ, பி, சி, டி-யிலிருந்து தொடங்கினால் அந்தப் பிள்ளைகள் என்றைக்கு வாக்கியம் எழுதுவார்கள்? ஒவ்வொருவரிடமும் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொருவரும் போகும்போது அழுது, அதுவே பழகிப்போகிற பிள்ளைகளை என் வகுப்பிலும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நிரந்தரமாக ஒரு டீச்சர் வேண்டும். உங்கள் கட்டணம் அங்கே ஒருவருக்குச் சம்பளமாகப் போனால் அது உதவி.

தனுஷ்கோடி மணல் எழுதியது:

எல்லோரும் சொல்வது சரியாகவே இருக்கட்டும். எனக்கு ஒரு கேள்வி.

ஐரோப்பாவிலிருந்து பதினெட்டு வயதுப் பிள்ளை நம் ஊருக்கு வந்தால் மாலை போட்டு வரவேற்கிறோம். நம் பக்கத்துக் கூலிக்காரர் மகள் கடல் தாண்டுகிறேன் என்றால் மட்டும் ஆளாளுக்கு வழி மறிக்கிறோம். எத்தனை பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் படித்துவிட்டு வேலைக்குத் திருப்பூர், சென்னை தாண்டி ஒன்றையும் பார்க்காமல் இருக்கிறார்கள் தெரியுமா? 1964 புயலுக்கு முன்னால் எங்கள் தாத்தாவுக்குத் தலைமன்னார் பக்கத்து ஊர். காலையில் கப்பல் ஏறினால் அங்கே சாப்பாடு. இன்றைக்கு அதே தூரம் எட்டாத உலகமாகிவிட்டது. வெளியே போய்த் தனியாக இருந்து, அறியாத ஆட்களோடு வேலை செய்து வருகிற பிள்ளைக்கு ஒரு தைரியம் வரும். அந்தத் தைரியத்துக்கு மதிப்பில்லையா? தொண்டால் போகிற இடத்துக்குப் பெரிய நன்மை இல்லாவிட்டாலும் பிள்ளைக்கு நன்மை உண்டே.

தொண்டித்துறை எழுதியது:

மணல் அண்ணே, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் கடைசி வரியில் எனக்கு உடன்பாடில்லை. வாங்கிக்கொள்கிற பக்கம் நாம் இருந்தபோது என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் ஒரு தொண்டு அமைப்பில் கணக்கு எழுதும் வேலையில் இருந்தேன். நம் கரைக்கு இலங்கை மறைப்பாக இருந்ததால் இங்கே அடி குறைவு, நாகப்பட்டினத்தில் ஊர் ஊராகப் போயிருந்தது. உலகம் முழுக்கவிருந்து மனிதர்கள் வந்தார்கள். நல்லவர்கள், அழுதார்கள், ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்தார்கள். அதை மறக்க மாட்டேன். கூடவே சாலையோரம் பழைய துணி மலையாகக் குவிந்தது. உடுத்திக் களைந்த துணியை எங்கள் சனம் தொடவில்லை, மாடு மேய்ந்தது, மழையில் நனைந்து நாறியது. அதை அள்ளிக் கொட்ட நகராட்சி தனியாக ஆள் போட வேண்டியிருந்தது.

அப்புறம் படகு. மீனவருக்குப் படகு கொடுப்பது பார்க்க அழகான உதவி, படகில் பெயர் எழுதிப் படம் எடுக்கலாம். ஆளாளுக்கு ஃபைபர் படகு கொடுத்தார்கள். சுனாமிக்கு முன்னால் இருந்ததைவிடப் படகு கூடிப்போனது. நேற்றுவரை கூலிக்குப் போனவர் முதலாளி ஆனார், சரி, அவருக்கு யார் கூலிக்குப் போவது? கடலில் மீன் கூடவில்லையே. சில படகுகள் தரமில்லாமல் கரையிலேயே கிடந்தன. மீன் விற்கும் பெண்களுக்கு, வலை பின்னுகிறவருக்கு, ஐஸ் சுமக்கிறவருக்கு என்ன போனது என்று யாரும் முதலில் கேட்கவில்லை. படகு இல்லாதவர் மீனவர் இல்லை என்பது வந்தவர்களின் எண்ணம்.

உதவியாக இருந்தவர்களும் உண்டு. உப்பேறிய நிலத்தைச் சரிசெய்யத் தெரிந்த விவசாய ஆட்கள். உடலை அடையாளம் காணத் தெரிந்தவர்கள். வந்ததும் பஞ்சாயத்தாரிடம் உட்கார்ந்து ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தவர்கள். இவர்களிடம் ஒரு தொழில் இருந்தது, அதோடு யாரோ அவர்களைக் கேட்டுக் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிடாமல் வந்தவர்களுக்குச் சோறும் தண்ணீரும் படுக்க இடமும் மொழிபெயர்க்க ஆளும் நாங்கள் தேட வேண்டியிருந்தது, செத்த வீட்டில் விருந்தாளி மாதிரி.

ஆகவே பாம்பன்அலை, நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி. அந்த ஊரில் இருக்கிற யார் உங்களைக் கேட்டார்? நிறுவனம் இல்லை, ஊர்க்காரர். அந்தப் பொரிப்பகத்தில் நிரந்தரமாக வேலை செய்கிறவர் பெயர் என்ன, நீங்கள் வந்தால் அவருக்கு எந்த வேலை குறையும்? பதில் வராவிட்டால் உங்கள் ஒரு லட்சம் தங்குமிடத்துக்கும் முகவருக்கும் போகிறது. பணம் எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். கட்டணம் வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை, சோறும் கூரையும் யாரோ கொடுக்கத்தானே வேண்டும். கணக்குச் சொல்ல மறுப்பதுதான் தப்பு.

பாசிக்காரி மகள் எழுதியது:

எங்கள் அம்மா கடற்பாசி எடுக்கப் போகிறவர். மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி எல்லாம் அவருக்கு விரலால் தெரியும். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, பாறைக்குள் கைவிட்டு எடுப்பார்.

எங்கள் தெருவுக்கு மாணவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், வெளிநாட்டிலிருந்தும் சென்னையிலிருந்தும். ஒரே கேள்வியைக் கேட்பார்கள். எத்தனை மணிக்குப் போவீர்கள், எவ்வளவு கிடைக்கும், வனத்துறை தொந்தரவு உண்டா. அம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு உட்கார்ந்து பதில் சொல்வார். அறிக்கை வந்ததா, படம் வந்ததா என்றால் வராது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி 1986-ல் தேசியப் பூங்கா வந்ததிலிருந்து எங்கள் பெண்களுக்கு அங்கே போவதற்கே தடை, அதைப் பற்றி யாராவது ஒரு மனு எழுதிக் கொடுத்திருந்தால் உபயோகமாக இருந்திருக்கும்.

ஒரு பெண் மட்டும் வேறு மாதிரி. கர்நாடகத்திலிருந்து வந்தவர், தமிழ் கொஞ்சம் கற்றுக்கொண்டு வந்தார். அவர் எழுதியதைத் திரும்ப வந்து எங்கள் சங்கத்தில் படித்துக் காட்டினார், தப்பானதைத் திருத்திக்கொண்டார். அதன் நகல் இன்னும் சங்கத்தில் இருக்கிறது, அதிகாரிகள் கூட்டத்துக்குப் போகும்போது எடுத்துப்போகிறோம்.

நீங்கள் போகிற இடத்திலும் என் அம்மா மாதிரி ஒருவர் இருப்பார், தங்கச்சி. அவர் நாள் கூலியை நினைத்துக்கொள்ளுங்கள்.

உச்சிப்புளி செவிலி எழுதியது:

உடம்பு சம்பந்தமாக மட்டும் சொல்கிறேன்.

இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் சான்று கொடுத்துவிட்டது. டெங்கு இருக்கிறது. விலங்குகளோடு வேலை என்றால் நாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்வது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். டெட்டனஸ் கணக்கையும் பாருங்கள். இந்த இழையைப் படிக்கிற வேறு யாராவது ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா போவதாக இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம் பாருங்கள். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். பயணத்துக்கு 10 நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும், ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். அந்த அட்டை இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனியாக வைத்துவிடுவார்கள்.

காப்பீட்டில் சின்ன எழுத்தைப் படியுங்கள். பல பயணக் காப்பீடுகள் உடல் உழைப்பு வேலை, ஸ்கூபா டைவிங் இரண்டுக்கும் பணம் தருவதில்லை. பவளப்பாறை, கடல் வேலை என்று போகிறவர்கள் இதைக் கவனிக்காமல் விடுகிறார்கள்.

மருத்துவம், நர்சிங் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு: இங்கே மேற்பார்வை இல்லாமல் ஊசி போட அனுமதி இல்லாதவர், ஏழை நாட்டுக்குப் போய்த் தையல் போடலாம், பிரசவம் பார்க்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் போகாதீர்கள். அங்கே படுத்திருப்பதும் ஒரு வீட்டுத் தாய்தான். உங்கள் கை பழகுவதற்கு அவர் உடம்பு இல்லை. இதை நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன்.

மன்னார்த்தீவு எழுதியது:

வணக்கம். நான் அக்கரையிலிருந்து எழுதுகிறேன், இந்தக் களத்தை வாசிக்கிறவன், எழுதுவது குறைவு.

தங்கச்சி, உங்களுக்குச் சிங்களம் தெரியுமா? தென்மேற்குக் கரையில் அந்தப் பிள்ளைகள் கதைப்பது சிங்களம். ஒரு பிள்ளைக்கு வயிற்றுவலி என்றால்கூட உங்களுக்கு விளங்காது. இதை அந்த நிறுவனம் உங்களிடம் கேட்காமல் விட்டதே எனக்குப் போதுமான பதில்.

எங்கள் பக்கம் வந்தால் மொழிப் பிரச்சினை இல்லை. ஆனால் வேறு ஒன்று இருக்கிறது, அதை நேராகவே கதைக்க வேண்டும். நீங்கள் பாம்பன், அப்பா விசைப்படகில் போகிறவர். எங்கள் மீனவர்கள் சின்னப் படகில் வலை விடுகிறவர்கள். இரவில் உங்கள் பக்கத்து றோலர்கள், அதான் இழுவைப் படகுகள், வந்து இழுத்துக்கொண்டு போனால் எங்கள் வலை போய்விடும், கடலடியும் போய்விடும். இங்கே 2017-ல் இழுவைமடித் தொழிலையே சட்டம் போட்டுத் தடை செய்தார்கள். உங்கள் பக்கத்துச் சனம் கைதாவதும் படகு பறிபோவதும் எங்களுக்கும் தெரியும். இரண்டு பக்கமும் தமிழ்க் குடும்பம்தான் அழுகிறது. நீங்கள் வந்தால் முதல் நாளே யாராவது உங்களிடம் இதைக் கேட்பார்கள். கோபத்தோடும் கேட்கலாம். பதில் தயாராக வேண்டும் என்று சொல்லவில்லை, கேட்டுக்கொள்ள மனது தயாராக இருக்க வேண்டும். அந்த மனதோடு பாம்பனிலிருந்து ஒரு பிள்ளை வந்து ஒரு மாதம் எங்கள் கரையில் இருந்தால் அதையே நான் பெரிய காரியமாக நினைப்பேன்.

தனுஷ்கோடி மணல் எழுதியது:

மன்னார்த் தம்பி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நன்றி.

தொண்டித்துறை, படகு விஷயம் சரி. ஆனாலும் பிள்ளை வெளியே போக வேண்டும் என்பதில் நான் மாற மாட்டேன். காசு வாங்காமல் எடுக்கிற இடங்களைச் சொல்வோம். ஐ.நா. தன்னார்வலர் திட்டம் 1970-லிருந்து இருக்கிறது, தலைமையகம் ஜெர்மனியில் பான் நகரம். 18 முதல் 26 வயது வரை இளைஞர் பிரிவு. கட்டணம் கிடையாது, தேர்வானால் அவர்களே வாழ்க்கைச் செலவுக்குப் பணம் தருவார்கள். தேர்வாவது எளிதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அதே திட்டத்தில் வீட்டிலிருந்தபடி இணையத்தில் செய்யும் தொண்டும் உண்டு, 18 வயது ஆனால் போதும். மொழிபெயர்ப்பு, தரவு, வரைபடம் என்று வேலை வரும். கத்தார் உலகக் கோப்பை 2022-ல் நடந்தபோது 20,000 தன்னார்வலர்களை எடுத்தார்கள், நம் ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆள் எடுத்த விதம் பார்த்தால், விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி. முன்பணம் இல்லை.

பாம்பன்அலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சொன்ன கேள்விகளை எல்லாம் சேர்த்து நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். வாட்ஸ்அப்பில்தான் பதில் வந்தது.

சுற்றுலா இ.டி.ஏ. போதுமாம், விமான நிலையத்தில் கேட்டால் ஊர் பார்க்க வந்தேன் என்று சொல்ல வேண்டுமாம். குஞ்சுகளைச் சில நாள் தொட்டியில் வைத்து, பலமாக்கி விடுகிறார்களாம். போலீஸ் சான்று தேவையில்லையாம். கட்டணத்தைப் பிரித்துச் சொல்வது நிறுவன ரகசியமாம். ஊரில் யாரிடமாவது பேச முடியுமா என்று கேட்டதற்கு, முன்பணம் கட்டியதும் ஒருங்கிணைப்பாளர் எண் தருவோம் என்றார்கள். பணம் கட்டவில்லை. அம்மாவிடம் இந்த இழையை முழுக்கப் படித்துக் காட்டினேன். பாசிக்காரி மகள் அக்கா எழுதியதை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

ஆனால் போகும் ஆசை போகவில்லை. மன்னார் அண்ணா எழுதியதிலிருந்து அதுவே மனதில் ஓடுகிறது. அப்பாவிடம் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நீ போய் நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது என்றார். என்ன என்று இன்னும் சொல்லவில்லை.

அண்ணா, அங்கே ஆமை அல்லது கடற்புல் வேலை செய்கிறவர்கள் யார்? பணம் கட்டாமல், முறையான அனுமதியோடு வர யாருக்கு எழுத வேண்டும்? பாக் விரிகுடாவில் 2022-ல் நம் அரசு 448 சதுர கிலோமீட்டருக்குக் கடற்பசுப் பாதுகாப்பகம் அறிவித்திருக்கிறது. கடற்பசுவுக்கு எல்லை தெரியாது. கடற்புல் கணக்கெடுப்பு எனக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அது ஒன்று நிஜமாகவே தெரியும்.

முந்தல்முனை எழுதியது:

நல்லது. தொட்டியில் வைத்துப் பலமாக்குவது என்று ஒன்று கிடையாது, அந்த ஒரு வரியிலேயே விஷயம் வெளியே வந்துவிட்டது. தை பிறந்ததும் நம் கரையில் முட்டை தொடங்கும். வனச்சரக அலுவலகத்தில் சொல்லி வைக்கிறேன், உங்கள் துறைத் தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கி வாருங்கள். அக்கரைக்குப் போகும்போது இங்கே எடுத்த கணக்கு கையில் இருந்தால் உங்களை வேறு மாதிரி பார்ப்பார்கள்.

கீழக்கரை காக்கா எழுதியது:

பாஸ்போர்ட்டுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள், நமக்கு மதுரை மண்டலம். சாதாரண முறையில் 1,500 ரூபாய். போலீஸ் சான்றும் அதே பாஸ்போர்ட் சேவா தளத்தில்தான், 500 ரூபாய். யாரும் கேட்காவிட்டாலும் எடுத்து வையுங்கள். கல்லூரியில் 75 விழுக்காடு வருகைப்பதிவு இடிக்காத மாதமாகப் பாருங்கள். கிளம்பும் நாள் வந்தால் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) என்கிற உதவித் தளத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள், ஏதாவது ஆனால் தூதரகத்துக்கு நீங்கள் இருக்கும் இடம் தெரியும்.

மன்னார்த்தீவு எழுதியது:

தங்கச்சி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் விலங்கியல் துறை இருக்கிறது, அங்கே எழுதுங்கள். தனியாக எழுதாமல் உங்கள் துறைத் தலைவர் மூலமாக எழுதினால் அது இரண்டு கல்லூரிகளுக்கு நடுவிலான விஷயமாகிவிடும், விசாவுக்கு வேண்டிய கடிதமும் அங்கிருந்தே வரும். கடிதம் ஒரு பக்கம் போதும், ஆங்கிலத்தில். என்ன தெரியும் என்பதை முதலில் எழுதுங்கள். கடற்புல் கணக்கெடுப்பில் என்ன முறை பழகினீர்கள், எத்தனை ஆழம் வரை, டைவிங் தெரியுமா தெரியாதா, எல்லாம். எவ்வளவு நாள் இருக்க முடியும், செலவுக்கு என்ன வழி என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தில் நான் கேட்டுவிட்டு அவர்களுக்கு எந்த மாதம் வசதி என்று இங்கேயே எழுதுகிறேன். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் இங்கே எல்லாம் பூட்டியிருக்கும், கடிதத்தை அதற்கு முன்னமே அனுப்பிவிடுங்கள்.